தடையா? ஓட்டா?



எதிரணித் தம்பி ரொம்ப வேகமாகப் பேசினார். “ஜனநாயகத்தையே கவிழ்க்கப் பார்க்கிற கட்சியா? தடை பண்ணு, முடிஞ்சுது!” என்றார். தம்பி, இந்த ஊர்ல பால்கோவா கிண்டுறதுக்கே மணிக்கணக்கா அடுப்படியில நிக்கிறாங்க. ஒரு கட்சியைத் தடை பண்ண அரை நிமிஷம் போதுமா? (சிரிப்பு)

பக்கத்து ராஜபாளையத்தையே பாருங்கள். பி.எஸ். குமாரசுவாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் ஆட்சியில்தான் 1949-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது. அந்தக் கட்சியும் அப்போது பஜனை பாடிக்கொண்டிருக்கவில்லை. 1948 கல்கத்தா மாநாட்டிலே புரட்சிப் பாதை என்று முடிவெடுத்திருந்தது. அரசாங்கம் பயந்ததில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை.

ஆனால் தடை எங்கே போய் நின்றது? 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அதே வருஷம், வக்கீல் வி.ஜி. ராவ் செயலாளராக இருந்த ஒரு கல்விச் சங்கத்தையும் சட்டவிரோதம்னு அறிவிச்சாங்க. மனுஷன் கோர்ட்டுக்குப் போயிட்டார்! 1952 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சங்கம் வைப்பது அடிப்படை உரிமை. ‘எங்களுக்குத் திருப்தியாயிடுச்சு’ன்னு அரசாங்கம் சொன்னா மட்டும் போதாது, காரணத்தை நீதிமன்றம் சோதிச்சுப் பார்க்க வழி வேணும்னு சொல்லி, அந்த உத்தரவு செல்லாதுன்னுடுச்சு. (கைதட்டல்)

அப்போ தடையே கூடாதா? கூடும். 1967-ல் வந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1992-ல் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது அதன்படிதான். மத்திய அரசு தடை போட்டால் 30 நாளைக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். அங்கே உயர்நீதிமன்ற நீதிபதி விசாரிச்சு ஆறு மாசத்துக்குள்ளே முடிவு சொல்லணும். ஹிட்லரைப் பார்த்த ஜெர்மனியில் கட்சியைத் தடை செய்யும் அதிகாரம் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு மட்டும்தான். 1952-ல் ஒரு கட்சி, 1956-ல் ஒரு கட்சி, ரெண்டைத் தடை பண்ணியது. 2017-ல் இன்னொரு கட்சியைப் பார்த்து, “கொள்கை மோசம்தான், ஆனால் சாதிக்கிற பலம் இல்லை” என்று விட்டுவிட்டது.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம், ஐயா. நம்ம ஊர்க் கணக்கை முடிச்சுடுறேன். 1952 பொதுத்தேர்தலில் ராஜா தோற்றுப்போனார். அவர் ஆட்சி தடை செய்த கட்சி சென்னைச் சட்டசபைக்கு 62 பேரோடு வந்தது. பி. ராமமூர்த்தி ஜெயிலில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். தலைமறைவாகத் திரிந்த கட்சி, இப்போ சபாநாயகரைப் பார்த்து, என்னை மாதிரியே, “ஒரு நிமிஷம் பேச அனுமதி கொடுங்க”ன்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சு! (சிரிப்பு, கைதட்டல்)