கொப்புள நோய்: உடலே உடலுக்குப் பகையாகும்போது



50 வயது அம்மா ஒருவருக்கு வாயில் புண் வருகிறது. உடம்புச் சூடு என்று நினைத்து வீட்டில் மோரும் இளநீரும் கொடுக்கிறார்கள். புண் ஆறவில்லை. ரசம் பட்டால் எரிகிறது, மிளகாய்ச் சம்பலைத் தொடவே முடியவில்லை. கிளினிக்கில் வைட்டமின் மாத்திரை தருகிறார்கள். பல் மருத்துவர் வாய் கொப்பளிக்க மருந்து தருகிறார். மாதங்கள் கழிகின்றன. பிறகு முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள் கிளம்புகின்றன. தொட்டால் உடைகின்றன, உடைந்த இடம் தீப்பட்டது போல் சிவந்து கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் அக்கி என்கிறார்கள், அம்மை என்கிறார்கள், சாமி குற்றம் என்றும் சொல்கிறார்கள். வீட்டில் அந்த அம்மாவுக்குத் தனித்தட்டு, தனி டம்ளர். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வர அனுமதியில்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. பெம்ஃபிகஸ் என்னும் நோய் கண்ட பலர் நடந்து வரும் பாதை இதுதான். இந்த நோய் தொற்றாது. கிருமியால் வருவதில்லை. யாருடைய பாவத்தாலும் வருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆளை மாற்றிச் சொந்தத் தோலையே தாக்குவதால் வருவது. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்திற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின.

ஜெர்மானிய மருத்துவர் விச்மன் 1791-இல் இந்த நோயை எழுதி வைத்தார். அதன் பிறகும் மருத்துவர்களால் பார்க்க முடிந்ததே தவிர, காப்பாற்ற முடியவில்லை. தோல் உரிந்த இடங்கள் வழியாக உடல்நீர் வெளியேறும், கிருமிகள் உள்ளே புகும். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். 1950-களில் ஸ்டீராய்டு மருந்து வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது.

1953-இல் வால்டர் லீவர் என்ற மருத்துவர் முக்கியமான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். கொப்புளம் எல்லாம் ஒன்றல்ல. பெம்ஃபிகஸ் நோயில் மேல்தோலின் உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அதனால் கொப்புளத்தின் மேல்மூடி மெல்லியது, சட்டென்று உடையும். இன்னொரு வகையில் மேல்தோல் முழுவதும் அடித்தோலை விட்டுக் கழன்று எழும்புகிறது. அந்தக் கொப்புளம் கெட்டியானது, எளிதில் உடையாது. அதற்குப் புல்லஸ் பெம்ஃபிகாய்ட் என்று பெயர். இது பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து கரைவது முதல் நோய். சுவரே அடித்தளத்தை விட்டுப் பெயர்வது இரண்டாவது நோய்.

சாந்தைக் கரைப்பது எது? 1964-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டன் ஆகிய இருவர் விடை கண்டனர். நோயாளிகளின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் மேல்தோல் உயிரணுக்களின் ஓரங்களில் போய் ஒட்டிக்கொள்வதை ஒளிரும் சாயம் கொண்டு காட்டினர். நுண்ணோக்கியில் அது மீன்வலை போலப் பச்சையாக மின்னும். இன்றும் மருத்துவமனைகளில் இந்த நோயை உறுதிப்படுத்துவது இந்த முறையில்தான்.

ஒட்டியிருப்பது தெரிகிறது, ஆனால் குற்றவாளி அதுதானா என்ற கேள்வி எஞ்சியது. 1982-இல் கிராண்ட் அன்ஹால்ட் குழுவினர் நோயாளிகளின் எதிர்ப்புப் பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினர். குட்டிகளுக்கும் அதே கொப்புளம் வந்தது. ஐயம் தீர்ந்தது. 1991-இல் ஜப்பானைச் சேர்ந்த மசாயுகி அமகாய், அமெரிக்காவில் ஜான் ஸ்டான்லியோடு சேர்ந்து, தாக்கப்படும் புரதம் எது என்று கண்டறிந்தார். இன்று அதன் பெயர் டெஸ்மோகிளின் 3. உயிரணுக்களைப் பிணைத்து வைக்கும் பசை அது.

வாய்ப்புண் ஏன் முதலில் வருகிறது என்பதும் இதனால் விளங்கியது. வாயின் உட்புறம் பெரும்பாலும் டெஸ்மோகிளின் 3 என்ற ஒரே பசையை நம்பியிருக்கிறது. தோலுக்கோ டெஸ்மோகிளின் 1 என்ற துணையும் உண்டு. முதல் பசை தாக்கப்படும்போது வாய் உடனே புண்ணாகிறது. தோல் தாங்கி நிற்கிறது. இரண்டாவதும் தாக்கப்படும்போது தோலும் உரிகிறது. ஆகவே மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண் ஓர் எச்சரிக்கை மணி. அதைக் கேட்டு விழித்துக்கொள்பவர்களுக்குப் பாதித் துன்பம் குறையும்.

சரி, உடல் ஏன் இப்படி ஆள் மாறிப் போகிறது? பிரேசில் நாட்டின் உட்பகுதியில் ஒரு வகைப் பெம்ஃபிகஸ் ஊர் ஊராகக் காணப்படுகிறது. உடம்பெல்லாம் எரிவதால் மக்கள் அதற்குக் காட்டுத்தீ என்று பெயரிட்டனர். ஆற்றோரங்களில், மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீடுகளில், கடிக்கும் பூச்சிகளோடு வாழும் ஏழைகளுக்கே அது அதிகம் வந்தது. லிமாவோ வெர்டே என்ற பழங்குடிக் குடியிருப்பில் நோயில்லாதவர்களைச் சோதித்தபோது, அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் டெஸ்மோகிளின் 1-க்கு எதிரான பொருள் இருந்தது. 2012-இல் வந்த ஆய்வு ஒன்று, மணல் ஈயின் எச்சிலில் உள்ள ஒரு புரதத்தை எதிர்க்கும் பொருள்கள் டெஸ்மோகிளினையும் பற்றிக்கொள்வதைக் காட்டியது. பூச்சியை எதிர்க்கக் கிளம்பிய படை, முகச்சாயல் ஒத்த சொந்த வீட்டாரைத் தாக்குகிறது. பரம்பரை அமைப்பும் உடன் சேர்ந்தால்தான் நோய் முற்றுகிறது. அதனால்தான் கடிபட்ட எல்லாருக்கும் வருவதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்டீராய்டு உயிரைக் காத்தது. ஆனால் அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் எலும்பு தேய்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கிருமித்தொற்று எளிதாகிறது. டில்லியில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர், மாதந்தோறும் சில நாள் மட்டும் பெரிய அளவில் மருந்தை இரத்தக்குழாயில் செலுத்தும் முறையை 1980-களில் கொண்டு வந்தார். இந்தியாவில் எண்ணற்றோர் அதனால் பயன் பெற்றனர்.

அடுத்த பெரிய மாற்றம் ரிட்டுக்சிமாப். எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் பி உயிரணுக்களை அது குறிவைத்து அழிக்கிறது. பிரான்சில் 90 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ரிட்டுக்சிமாபும் குறுகிய கால ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர், இரண்டு ஆண்டு முடிவில் எந்த மருந்தும் இன்றி நோயற்று இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அந்த நிலையை எட்டியோர் 34 விழுக்காடு. அடுத்த ஆண்டே அமெரிக்கா இந்த மருந்தைப் பெம்ஃபிகஸுக்கு அங்கீகரித்தது.

முதியவர்களின் பெம்ஃபிகாய்டுக்கும் நல்ல செய்திகள் உண்டு. 2002-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், நோய் கடுமையாக இருந்தவர்களில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியோரைவிட, வீரியமான ஸ்டீராய்டு களிம்பை உடலில் பூசியோரே அதிகம் பிழைத்தனர். ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தோர் களிம்புக் குழுவில் 76 விழுக்காடு, மாத்திரைக் குழுவில் 58 விழுக்காடு. 2025-இல் டூபிலுமாப் என்ற ஊசி மருந்தை அமெரிக்கா இந்த நோய்க்கு அங்கீகரித்தது.

ஆராய்ச்சி எல்லாம் வெற்றியில் முடிவதில்லை. மிகவும் எதிர்பார்க்கப்பட்ட எஃப்கார்டிஜிமாட், பெம்ஃபிகஸ் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2023-இல் தோல்வி கண்டது. மறுபுறம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2016-இல் புதிய வழி ஒன்றைக் காட்டினர். நோயாளியின் டி உயிரணுக்களில் டெஸ்மோகிளினையே தூண்டில் இரையாகப் பொருத்துகிறார்கள். அதைத் தாக்க வரும் பி உயிரணுக்கள் மட்டும் மாட்டிக்கொண்டு அழிகின்றன. மற்ற நல்ல பி உயிரணுக்கள் தப்பிக்கின்றன. எலிகளில் வெற்றி கண்ட இந்த முறை பிறகு மனிதர்களிடமும் சோதனைக்கு வந்தது.

நேயர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. வாய்ப்புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிக்கச் சொன்னால் அஞ்ச வேண்டாம். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இனிப்பு நீர் உள்ள முதியவர் கிளிப்டின் வகை மாத்திரை சாப்பிடும்போது தீராத அரிப்போ கொப்புளமோ வந்தால், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சிலருக்கு அந்த மருந்தே பெம்ஃபிகாய்டைத் தூண்டலாம். மாத்திரையை மாற்றும் முடிவை அவரிடமே விடுங்கள்.

இன்னொன்றுக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. அந்த அம்மாவின் தனித்தட்டை எடுத்துவிட்டு, எல்லாரோடும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். பேரப்பிள்ளைகள் அவர் மடியில் தாராளமாக உட்காரலாம். புண் உள்ள இடத்தில் மட்டும் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். தொற்றிவிடும் என்பதற்காக அல்ல, அவருக்கு வலிக்கும் என்பதற்காக.