பிள்ளையே பேசட்டும்



இந்த ஆண்டு நிறைவு நாளில், பதின்ம வயதுப் பிள்ளைகளின் சுகநலம் பற்றி ஒரு தாதியாகச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தோடு தொடங்குகிறேன். பிறவிக் குருடன் பார்வையடைந்த பின்பு, எப்படிக் கண் தெரிந்தது என்று அவனுடைய பெற்றோரிடம் விசாரிக்கிறார்கள். அவர்களோ, எங்கள் மகனுக்கு வயது வந்திருக்கிறது, அவனையே கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அதைப் பயத்தினால் சொன்னார்கள். அதே வார்த்தையை நாம் அன்பினால் சொல்லப் பழக வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றவள். அந்த நாட்களில் வயிற்றுவலி என்று ஒரு 14 வயதுப் பிள்ளை வந்தால், நாங்கள் தாயைத்தான் கேட்போம். எப்போதிருந்து வலி, என்ன சாப்பிட்டாள், எல்லாவற்றுக்கும் தாயே பதில் சொல்லுவார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் முறை என்று நினைத்தேன்.

இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகு, அடிக்கடி தலைவலி என்று சொன்ன என் மகளைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கேட்ட எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். வைத்தியர் மரியாதையாக, “அம்மா, பத்து நிமிடம் வெளியே இருக்கிறீர்களா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் தாய், அதோடு தாதி. எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று வெளியே இருந்து பொருமினேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்ட்ரீட்காரில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாயைக் கட்டிக்கொண்டு கேட்காமல் இருந்தேன். இரண்டு கிழமை கழித்து, நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, தானாகவே வந்து சொன்னாள்: மாதக்கணக்காகச் சரியான நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் போகவே பயமாக இருந்தது என்று. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஒன்ராறியோ மாகாணத்தில், 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டம் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல இத்தனை வயது வேண்டும் என்று ஒரு எல்லை வைக்கவில்லை. சிகிச்சை என்ன, அதன் விளைவு என்ன என்று விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை தானே முடிவு செய்யலாம். பிள்ளை இரகசியமாகச் சொன்னதை வைத்தியர் நம்மிடம் சொல்லாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் பிள்ளைக்கோ வேறொருவருக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், அல்லது பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், வைத்தியர் அதைத் தனக்குள் வைத்திருக்க மாட்டார். ஆகவே பெற்றோரே, வெளியே இருக்கச் சொன்னால் அதை அவமானமாக எடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் பதின்ம வயதினருக்கான நல்ல மருத்துவ சேவைக்கு எட்டுத் தரங்களை வகுத்தது. இரகசியம் காப்பது, யாரையும் வேறுபடுத்தாதது, பிள்ளைகளின் கருத்தையும் கேட்பது எல்லாம் அதில் உண்டு. அவற்றில் ஒன்று பெற்றோரும் சமூகமும் கொடுக்கும் ஆதரவு. அப்படியானால் சேவையின் தரம் வைத்தியர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பத்து நிமிடம் வெளியே இருங்கள்.

இரண்டாவது, பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பார்க்டேலில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைதான் பெற்றோருக்கு ஆங்கிலம். கடிதம் வாசிக்கச் சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் தாயின் மார்பில் கட்டி என்ற செய்தியை 12 வயது மகன் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. தன் நோயைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்கும் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். நாள் குறிக்கும்போதே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஜெபக் குறிப்பில் கவனமாயிருங்கள். ஒரு பிள்ளையின் மனவருத்தம் ஞாயிறு ஜெபக் குறிப்பாகி, திங்கட்கிழமை எல்லா வீட்டுத் தொலைபேசியிலும் போனால், அந்தப் பிள்ளை பிறகு யாரிடமும் வாய் திறக்காது. பெயர் சொல்லாமலும் ஜெபிக்கலாம். யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும்.

இனி பிள்ளைகளே, உங்களோடு பேசுகிறேன். வைத்தியரிடம் போனால், “நான் தனியாகப் பேசலாமா?”, “இதை யாருக்குச் சொல்லுவீர்கள்?”, “விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது மரியாதைக் குறைவு அல்ல. குவீன் வீதி மேற்கில் நமது சமூக சுகாதார நிலையம் இருக்கிறது, நடந்தே போகலாம். இப்படியான நிலையங்கள் ஓஹிப் அட்டை இல்லாதவர்களையும் பார்க்கும். நடு இரவில் மனம் தாங்காவிட்டால், 1989 முதல் இயங்கும் கிட்ஸ் ஹெல்ப் போன் இருக்கிறது: 1-800-668-6868. பேசக் கூச்சமாக இருந்தால் 686868க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், உடனே 988ஐ அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2023 நவம்பர் முதல் கனடா முழுவதும் இரவு பகலாக இந்தச் சேவை உண்டு. இப்படி எண்ணம் வருவதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கால் முறிந்தால் மருத்துவமனைக்குப் போகிறோம். மனம் முறிந்தாலும் அப்படித்தான்.

இந்தச் சபையில் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பயமில்லாமல் உண்மையைச் சொல்ல ஒரு அறையும், கதவுக்கு வெளியே பொறுமையாகக் காத்திருக்கும் ஒரு தாய் தகப்பனும் கிடைக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.