ரேகை தேய்ந்தால் உரிமை தேயுமா?

(மரக்காணம் உப்பளப் பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரை)



கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச மரக்காணம் தகுந்த இடந்தானா என்று சிலர் ஐயுறலாம். மறைமொழி, கடவுச்சொல், குறியீடு என்பனவெல்லாம் குளிரூட்டிய அறையிலே அமர்ந்திருப்போர் பேச வேண்டியவை. கொளுத்தும் வெயிலிலே பாத்தி மிதிப்போருக்கும் பலகை கொண்டு உப்பு வாருவோருக்கும் இதிலே என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நான் சொல்லும் விடை இது: அந்தக் கலையின் முதல் பாடத்தை விளக்க இந்த உப்பளத்தைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடையாது. காரணம், உங்கள் கைகள்!

உப்பு ஊருக்குச் சுவை தருகிறது. விளைவிக்கும் கைக்கு வெடிப்பையும் எரிச்சலையும் தருகிறது. ஆண்டுக்கணக்கில் உப்புநீரிலும் உப்புப் பரலிலும் உழைத்த விரல்களிலே ரேகை மழுங்கிவிடுகிறது. அந்த விரலைத்தான் இன்று "நீ யார் என்று காட்டு" எனக் கேட்கிறார்கள். தமிழகத்து நியாயவிலைக் கடைகளிலே 2020ஆம் ஆண்டு முதல் விரல் வைக்கும் கருவி வந்து அமர்ந்துவிட்டது. ஊருக்குள் வந்து வங்கிப் பணத்தை எடுத்துத் தரும் முகவரும் விரலைத்தான் கேட்கிறார். மழைக்காலத்தில் வேலையின்றி வாடும் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை வழங்க 2022இல் தமிழக அரசு முன்வந்தது. இத்தகைய தொகை கணக்கிலே வந்து சேர்ந்துவிட்டாலும், அது கையிலே வந்து சேரப் பலருக்கு விரல் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால்? "மறுபடி வையுங்கள், துடைத்துவிட்டு வையுங்கள், நாளைக்கு வாருங்கள்." உழைத்ததன் அடையாளமே உழைத்தவனுக்கு எதிர்ச்சாட்சி சொல்கிற விந்தை இது!

பாதுகாப்பு என்றால் என்ன? இத்துறை அறிஞர்கள் மூன்று தூண்களைச் சொல்கிறார்கள். பிறர் அறியக்கூடாததைப் பிறர் அறியாதபடி காத்தல் முதல் தூண். எழுதிவைத்ததை எவரும் மாற்றாதபடி காத்தல் இரண்டாவது. உரியவருக்கு உரிய வேளையில் கிடைக்கச் செய்தல் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி மேடைதோறும் பேசுவோர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். திருடனைத் தடுத்த பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திவிட்டதென்றால், அது நல்ல பூட்டு என்று யார் சொல்வார்?

இனிப் பூட்டையும் சாவியையும் பார்ப்போம். 1883ஆம் ஆண்டு, ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியறிஞர், பிரெஞ்சு இராணுவ இதழ் ஒன்றிலே மறைமொழிக்கான விதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று: மறைக்கும் முறை பகைவன் கையிலே சிக்கினாலும் கேடு வரக்கூடாது, காப்பு முழுவதும் சாவியிலேதான் இருக்க வேண்டும். மற்றொன்று: அந்தச் சாவியை வேண்டும்போது மாற்றிக்கொள்ள இயல வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நெடுங்காலம் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தொலைவிலுள்ள நண்பனுக்கு மறைவாகச் செய்தி அனுப்ப வேண்டுமானால், சாவியை முன்கூட்டியே அவனிடம் சேர்ப்பித்தாக வேண்டும். வழியிலே சாவி பறிபோனால் எல்லாம் போயிற்று. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் புதுவழி கண்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கு ஒரு கணக்கு வடிவம் தந்தனர். திறந்த பூட்டுகளை ஊரெங்கும் கொடுத்துவிடுங்கள். சாவியை மட்டும் உங்கள் மடியிலே வைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் பெட்டியிலே செய்தியை வைத்துப் பூட்டை அழுத்தி மூடலாம். திறக்க உங்களால் மட்டுமே முடியும்.

எண்களால் பூட்டு செய்வது எப்படி? 61ஐயும் 53ஐயும் பெருக்கச் சொன்னால் பள்ளிச் சிறுவன் 3,233 என்று விடை சொல்வான். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 3,233 வரும் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களும் விழிப்பார்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது. அந்த எண் அறுநூறு இலக்கங்களுக்கு மேல் நீளுமானால், இன்றைய கணினிகளெல்லாம் கூடினாலும் பிரிக்க இயலாது என்பதே அந்தப் பூட்டின் வலிமை.

கடையிலே நீங்கள் விரல் வைத்ததும், அந்தப் பதிவு இவ்வகைப் பூட்டின் துணையோடுதான் பயணம் போகிறது. வழியிலே பறித்தவனுக்கு ஒன்றும் விளங்காது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தக் கணக்கு உறுதியானது. ஆனால் வழி உறுதியாயிருந்து பயனென்ன, வழியின் தொடக்கமே பழுதாயிருந்தால்?

கெர்க்காஃப்ஸின் விதிகளை விரலுக்குப் பொருத்திப் பாருங்கள். சாவி மறைவாயிருக்க வேண்டும். விரல் ரேகை மறைவானதா? தொட்ட தம்ளரிலே அது இருக்கிறது. நிலப் பத்திரத்திலே இருக்கிறது. 2008இல் ஜெர்மனியிலே கணினி ஆர்வலர் சங்கம் ஒன்று, அந்நாட்டு உள்துறை அமைச்சர் தொட்ட கண்ணாடிக் குவளையிலிருந்து கிடைத்த ரேகையை இதழிலேயே அச்சிட்டுக் காட்டியது. 2018இல் தெலங்கானாவிலே, நிலப் பத்திரங்களில் பதிந்த ரேகைகளைக் கொண்டு போலிப் பதிவுகள் செய்து, ஏமாளிகளின் பெயரில் சிம் அட்டைகளை இயக்கிய ஒருவர் கைதானார்.

சரி, சாவியை மாற்றிக்கொள்ள முடியுமா? கடவுச்சொல் களவு போனால் வேறு சொல் வைக்கலாம். விரல் களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் ரேகைகள் களவாடப்பட்டன. வல்லரசின் கருவூலமும் அவர்களுக்குப் புதிய விரல் வாங்கித் தர இயலவில்லை.

நம் உச்சநீதிமன்றத்திலே 2018இல் அரசின் தலைமை வழக்கறிஞர் எழுந்து, ஆதார் விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குப் பின்னே காக்கப்படுகின்றன என்றார். சுவர் உயரமாகவே இருக்கட்டும்! சுவருக்குள்ளே இருப்பதைப் பற்றியா கேட்டோம்? சுவருக்கு வெளியே, பத்திரத்திலும் தம்ளரிலும் கிடக்கிற ரேகைக்கு எந்தச் சுவர் காவல்?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: ரேகை பெயரைப் போன்றது, சாவியைப் போன்றதன்று. இன்னார் இவர் என்று சுட்டலாம். "நான் இசைகிறேன்" என்று சொல்வதற்கு அது தகாது. அதன் வரலாறே அதற்குச் சான்று. 1858இல் வங்கத்திலே வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, ஒப்பந்தக்காரர் பின்னால் மறுக்காதிருக்க அவர் கைப்பதிவை வாங்கினார். 1897இல் கல்கத்தாவிலே ரேகைக் கூடம் எழுந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கிற்கு உழைத்த அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இந்தியர் இருவர் பின்னுக்குப் போனார்கள். முறைக்கு மேலதிகாரி ஹென்றியின் பெயரே நிலைத்தது.

தமிழ்நாட்டிலே குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள்! பிறந்த குடியையே குற்றமாக்கி, ரேகையைப் பதி என்றது அந்தச் சட்டம். மறுத்து நின்றது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே துப்பாக்கி முழங்கியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்திலே அச்சட்டம் ஒழிந்தது. அன்று ரேகை தராதவன் குற்றவாளி. இன்று ரேகை இல்லாதவன் பயனாளி இல்லை என்றாகிவிடக் கூடாது.

இவ்வளவும் சொல்வது கருவியை உடைப்பதற்காக அன்று. கருவி மனிதனுக்குக் கீழ்ப்பட்டு நிற்க வேண்டும் என்பதற்காக. ரேகை பொருந்தவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் பொருளை மறுக்கக்கூடாது, மாற்று வழியிலே வழங்க வேண்டும் என்று 2017 அக்டோபரில் ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை ஒவ்வொரு கடைவாசலிலும் தமிழிலே எழுதி ஒட்டப்பட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் வேலை. விரல் பொருந்தாதோர் பட்டியலைத் தெருத்தெருவாக எடுங்கள். எத்தனை முறை திருப்பியனுப்பப்பட்டார்கள் என்று நாள் குறித்து எழுதுங்கள். எழுத்து மூலம் வட்டாட்சியரிடம் கொடுங்கள். பேச்சு காற்றோடு போகும். பட்டியல் பதில் கேட்கும்.

வீட்டிலே செய்ய வேண்டியதும் உண்டு. கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்தான் உங்கள் மடியிலுள்ள உண்மைச் சாவி. ஒருமுறை திறந்ததும் தானே செத்துப்போகும் சாவி. வங்கி அதிகாரி என்று சொல்லிக் கேட்பவனுக்கும் அதைச் சொல்லாதீர்கள். ஆதாரிலே ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. வேண்டும்போது திறந்து, மீண்டும் பூட்டலாம். ஆனால் அதற்கும் பதிவு செய்த கைப்பேசி வேண்டும். தமக்கென்று கைப்பேசி இல்லாத தாய்மார்கள் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியலிலேயே சேர்த்து எழுதுங்கள். முகவரிடம் விரல் வைக்குமுன் எவ்வளவு தொகை என்று கேளுங்கள்; வைத்தபின் சீட்டை வாங்குங்கள்; இரண்டாம் முறை வைக்கச் சொன்னால், முதல்முறை பணம் போகவில்லை என்பதற்குச் சான்று கேளுங்கள்.

சாவி யாருடையதோ அவருக்கே கதவு. அந்தச் சாவியை உழைப்பவன் கையிலே கொடு என்று கேட்பதுதான் கணினி நூற்றாண்டின் உரிமைக் குரல். அந்தக் குரல் ரேகை தேய்ந்த கைகளிலிருந்தே முதலில் எழட்டும்!