கூந்தலும் பொய்ம்முடியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேசுவோர் தமிழின் தொன்மையைப் பற்றியோ குறள் நெறியைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் கூந்தலைப் பற்றியும் பொய்ம்முடியைப் பற்றியும் பேசப்போகிறோம் என்று காரியதரிசி அறிவித்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பொலி எமது செவியிலும் விழுந்தது. சிரித்தவர்களுள் பெரும்பாலோர் எம்மைப்போல் நெற்றி அகன்ற ஆடவர்களே ஆதலால் எமக்கு வருத்தமில்லை.

கூந்தல் தமிழுக்குப் புறம்பான பொருள் அன்று. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக ஒப்பனை செய்யப்பெறுவதனால் அதனை ‘ஐம்பால்’ என்றே நம் புலவர்கள் வழங்கினார்கள். பெண்டிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியனுக்கு ஐயம் எழுந்ததும், அதன்பொருட்டு நக்கீரர் இறைவனோடு வாதிட்டதும் இங்குள்ள சிறு பிள்ளைகளும் அறிந்த கதை. ஆனால் அக்கூந்தலே உதிர்ந்துவிட்ட ஒரு பெண் எவ்வாறு அவைக்கு வருவாள் என்ற கேள்வி அந்தச் சபையில் எழவில்லை. நம் சபையில் அது எழுந்திருக்கிறது.

கடந்த ஓராண்டில் இக்காலனியைச் சேர்ந்த மூவர் நம் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் பிள்ளைப் பேற்றிற்குப் பின் முடி கொட்டியவர். ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர். ஒருத்தி பள்ளியில் படிக்கும் பெண். பெயர்களை நாம் கூறப்போவதில்லை. நீங்களும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டா. பொங்கல் விழாவிற்கு அழைக்கச் சென்ற எம் இல்லத்தாரிடம் அவர்களுள் இருவர் கூறிய காரணம் ஒன்றே: “தலையைப் பார்த்துக் கேட்பார்கள்.” இதற்காகவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நாம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்குபவர். ஆகவே முதலில் கணக்கைக் கூறிவிடுகிறோம். மனிதர் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, பின் அதே வேரிலிருந்து மீண்டும் முளைக்கிறது. மாதமொன்றுக்கு வளர்வது ஏறத்தாழ 1 செண்டிமீட்டர்தான். டைபாய்டு, டெங்கு முதலிய கடுங்காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய அறுவைச் சிகிச்சையோ நேர்ந்தால் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கூட்டமாக விழுகின்றன. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டு எழுந்தவர்கள் பலரும் இதனை அனுபவித்தார்கள். நோய் தீர்ந்து, அதனை மறந்தும்போன பிறகு முடி கொட்டுவதால், நாம் பழியை நாகபுரித் தண்ணீர்மேல் போடுகிறோம். உப்புநீர் முடியை முரடாக்கும், வேரைப் பறிக்காது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே அடங்கிவிடும். அடங்காமல் வகிடு அகன்றுகொண்டே போனால் இரும்புச் சத்தையும் தைராய்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும்; எண்ணெய்ப் புட்டிகளை மாற்றிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

எண்ணெயைப் பற்றிக் குறிப்பிட்டதும் சில தாய்மார்களின் முகம் சுருங்குவது தெரிகிறது. தேங்காய் எண்ணெயை நாம் குறை கூறவில்லை. அது முடித்தண்டின் உள்ளே ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். உள்ள முடியைக் காப்பதற்கு அது நன்று. இல்லாத முடியை முளைப்பிக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் எண்ணெய்களுக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுப்பதுதான் கூடாது.

‘புழுவெட்டு’ என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாணயம் அளவில் வட்டமாக முடி கழன்று, தோல் வழவழப்பாகத் தெரியும். புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் காவற்படை வழிதவறித் தன் முடிவேர்களையே பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. தலையில் வரும் படை வேறு. அது பூஞ்சையால் வருவது, தொற்றக்கூடியது. இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அண்டை வீட்டாரின் வேலை அன்று. “அந்தப் பெண்ணோடு சீப்பைப் பகிர்ந்துகொள்ளாதே” என்று வைத்தியர் கூறுமுன் தம் மக்களுக்குக் கட்டளையிட்டவர்கள், அச்சொல் அவள் காதுக்கு எட்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இனி, நாமே நம் கையால் வருவித்துக்கொள்ளும் கேடு ஒன்றுண்டு. முடியை இறுக்கி இழுத்துக் கட்டுவதே அது. 1907-ஆம் ஆண்டில் கிரீன்லாந்து நாட்டுப் பெண்களிடம் இதனை ஒரு மருத்துவர் கண்டு எழுதினார். உச்சியில் இறுகக் கட்டியதனால் அவர்களுக்கு நெற்றியோரத்தில் முடி போயிருந்தது. தலைமுடியை இறுக்கி முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கிய நண்பர்களிடமும் இது காணப்படுவதுண்டு. நம் வீடுகளில் நடப்பது என்ன? காலை ஆறரை மணிக்குப் பள்ளி வண்டி வந்துவிடும் என்று ஈரத் தலையைச் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னலாக இறுக்கி, மடித்து, ரிப்பனால் கட்டி அனுப்புகிறோம். சற்றுத் தளர்ந்திருந்தால் தண்டனை என்று ஒரு பள்ளியில் விதியே வைத்திருந்தார்கள். ஈர முடி மிகுதியாக நீளும், எளிதில் அறும். காதோரத்திலும் நெற்றியோரத்திலும் சிறு கொப்புளங்கள் தோன்றி, பின்னியபின் தலை வலிக்கிறதென்று குழந்தை கூறினால் அதுவே முதல் எச்சரிக்கை. அந்நிலையில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகிவிடும். பின் எந்த மருந்தும் முளைப்பிக்காது.

ஆகவே துண்டால் அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்க வேண்டா. அகன்ற பல்லுடைய சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே செல்லுங்கள். வகிட்டை ஒரே இடத்தில் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். ரப்பர் வளையத்தைக் காட்டிலும் துணி நாடா நன்று. இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னலோடு படுப்பதே நம் பாட்டிமார் வழக்கம். அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு அரிது. கிழிந்துபோன பட்டுப் புடவை வீட்டில் இருந்தால் தலையணை உறையாகத் தைத்துக்கொள்ளலாம். பருத்தி உறையைவிட முடியோடு குறைவாகவே உராயும். இன்று மாலை மேடையேறும் நம் பெண் குழந்தைகளின் தலையில் சவுரி, ராக்கொடி, குஞ்சலம் எல்லாம் ஏறியிருக்கின்றன. ஆடி முடிந்தவுடனே கழற்றிவிடுங்கள். புகைப்படத்திற்காக இரவு பத்து மணி வரை அப்படியே வைத்திருக்க வேண்டா.

சவுரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொய்ம்முடி அந்நிய நாகரிகம் என்று எண்ணுவோர் சவுரியை மறந்துவிடுகிறார்கள். வாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சேர்த்துவைத்து, சவுரி கட்டிக்கொண்ட பாட்டிமார் எத்தனை பேர்! கலியாணத்தில் மணப்பெண்ணின் நீண்ட சடையில் பாதிக்கு மேல் சவுரிதான் என்பது அனைவர்க்கும் தெரியும். ஒருவரும் குறையாகப் பேசுவதில்லை. ஒரு முழம் சேர்த்துக்கொள்வது அலங்காரம், முழுத் தலைக்கும் வைத்துக்கொண்டால் அவமானம் என்றால், அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் யார்?

இவ்விடத்தில் சற்று மனம் நோகும் செய்தியைப் பேச வேண்டியிருக்கிறது. எம் இல்லாளின் தமக்கையார் மார்பகப் புற்றுநோய்க்காக மும்பைக்குச் சென்று சிகிச்சை பெற்றார். மருந்து ஏற்றிய மூன்றாம் வாரத்தில் முடி கொட்டத் தொடங்கியது. வேரில் விரைந்து பெருகும் உயிரணுக்களையும் அம்மருந்து தாக்குவதால் அவ்வாறு நேர்கிறது. எல்லா மருந்துகளாலும் நேர்வதில்லை. நோயின் வேதனையைப் பொறுத்துக்கொண்டவர், வெறுந்தலையைப் பொறுக்கவில்லை. “அடுத்த மாதம் கலியாணத்தில் என்னிடம் குங்குமத் தட்டை நீட்டத் தயங்குவார்கள்” என்றார். கணவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று நாம் அறிவோம். கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்த கொடுமை நம் சில குடும்பங்களில் இருந்தது. வழக்கம் ஒழிந்தது, அதன் நிழல் இன்னும் நம் கண்களில் தங்கியிருக்கிறது. ஆனால் அதே நாம், பழனியிலும் சமயபுரத்திலும் திருமலையிலும் காணிக்கை செலுத்திவிட்டுச் சந்தனம் பூசிய தலையோடு வரும் சுமங்கலியைக் கண்டால் கைகூப்புகிறோம். வெறுந்தலை ஒன்றுதான்; பார்க்கும் கண்கள் வேறாகின்றன. தலையினின்று வீழ்ந்த மயிரை வள்ளுவர் எடுத்துக்காட்டியது, தம் நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தரைக் குறித்தே ஆகும். மருந்துண்டு முடி இழந்தவர் எந்த நிலையிலிருந்தும் தாழவில்லை.

அத்திருத்தலங்களில் சேரும் முடி ஏலம் விடப்படுகிறது. அதனை வாங்குவோர் தூய்மை செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். உலகின் பல பெண்களுடைய தலைகளில் விக்காக இருப்பது நம் நாட்டுப் பக்தர்களின் காணிக்கை. ஒரே தலையிலிருந்து ஒருசேர எடுக்கப்பட்டு, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும் முடிக்குக் கடைக்காரர்கள் ‘ரெமி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சீப்பில் உதிர்ந்து சேர்த்த முடியில் திசை மாறி மாறி இருப்பதால் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கும். அச்செதில்களை அமிலத்தால் நீக்கிவிட்டு விற்கிறார்கள். அது சில மாதங்களில் பளபளப்பு இழக்கும். மனித முடி என்று மட்டும் கேட்டு வாங்கினால் போதாது என்பதற்காக இதனைக் கூறுகிறோம்.

தமக்கையாருக்கு விக் வாங்க எம் இல்லாளும் நாமும் உடன் சென்றோம். கடைக்காரர் முதலில் காட்டியது இடுப்பளவு நீண்ட, மை போன்று கறுத்த, அடர்ந்த முடி. அதனை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவர் தாமே நகைத்தார். ஐம்பது வயதில் எந்தத் தலையும் அவ்வளவு கறுப்பாகவோ அவ்வளவு அடர்த்தியாகவோ இருப்பதில்லை. புருவத்தின் நிறத்தை ஒட்டிய கருமைகலந்த பழுப்பு, குறைந்த அடர்த்தி, தோள்வரை நீளம் என்று முடிவாகத் தேர்ந்தெடுத்தோம். நீண்டது பிடரியில் உராய்ந்து சிக்காகும், கனமும் மிகுதி. முடி கொட்டுமுன்பே சென்று பழைய நிறத்தையும் வகிட்டையும் காட்டித் தேர்ந்தெடுப்பது இன்னும் நன்று. நெற்றி முடியோரத்தில் தொடங்கிக் காதின் பின்னாகப் பிடரியைச் சுற்றி நாடாவால் அளந்து, அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். வகிட்டின் கீழே மெல்லிய வலை வைத்து ஒவ்வொரு முடியாகக் கையால் முடிந்தவை தோல்போலவே தோன்றும்; இயந்திரத்தில் வரிசையாகத் தைத்தவை விலை மலிவு, காற்றோட்டமும் உண்டு. இந்த ஊரில் வைகாசி வெயில் 45 டிகிரியைத் தொடும்போது காற்றோட்டமே பெரிது. உள்ளே பருத்திக் குல்லாய் அணிய வேண்டும். சிகிச்சைக் காலத்தில் தோல் புண்போல நோகுமாதலால் பசை தடவி ஒட்டலாகாது.

செயற்கை இழை விக் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். நாள்தோறும் அணிந்தால் நான்கைந்து மாதங்கள் உழைக்கும். நல்ல மனித முடி அதனிலும் பல மடங்கு விலை; ஓராண்டும் அதற்கு மேலும் உழைக்கும். சிகிச்சை முடிந்து ஓரிரு மாதங்களிலேயே முடி துளிர்க்கத் தொடங்குவதால், அக்காலத்திற்கு மட்டும் வேண்டுவோர் செயற்கை இழையையே வாங்கலாம் என்பது எமது அபிப்பிராயம். கடன் வாங்கி மனித முடி வாங்க வேண்டியதில்லை. ஆனால் செயற்கை இழை அனலுக்கு ஆகாது. குக்கர் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியே நெற்றி முடியைச் சுருட்டிவிடும். அடுப்பருகிலும், ஆரத்தி எடுக்கும்போதும், தீபாவளி மத்தாப்பின் பக்கத்திலும் விக்கைக் கழற்றிவிட்டுத் தலையில் துணி கட்டிக்கொள்வதே நலம். கழுவுவதற்குத் தண்ணீர் குளிர்ந்தே இருக்கட்டும். பிழிய வேண்டா, வெயிலில் காயவைக்கவும் வேண்டா.

தமக்கையார் அக்கலியாணத்திற்கு விக் அணிந்து சென்றார். இரண்டு மாதங்கள் கழித்து நடந்த மற்றொரு கலியாணத்திற்குச் சென்றபோது, வெயில் தாளாமல் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அரை அங்குல நரைமுடியோடு பந்தியில் அமர்ந்தார். இரண்டும் அவர் விருப்பம். கணவன்மாரோ மாமியாரோ “விக் இல்லாமல் வெளியே வராதே” என்று கூறவும் கூடாது, “இதெல்லாம் எதற்கு?” என்று தடுக்கவும் கூடாது.

எம் தொழிலைச் சார்ந்த செய்தி ஒன்று. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிரயாணம் செய்வோர்க்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு குறையும். மருத்துவமனைச் சான்றிதழ் உரிய படிவத்தில் இருக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எம் வீட்டிற்கு எந்நேரமும் வரலாம்.

தமக்கையார் தமக்கு இனித் தேவையில்லை என்று அந்த விக்கைக் கழுவி, தாங்கியோடு அனுப்பியிருக்கிறார். நம் சங்க நூலக அறையில் எம் இல்லாள் அதனை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அறைக்குப் பின்புற வாயிலும் உண்டு. பார்க்க விரும்பும் சகோதரிகள் நடன நிகழ்ச்சி நடக்கும்போது செல்லலாம். அப்போது கூட்டம் முழுவதும் மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும்.