இறக்கத்தில் கற்ற பாடம்

புல்லட்டின் முழக்கத்தைப் புகழ்வோர் பலர். யெஸ்டியை நினைப்போர் சிலரே. செக்கோஸ்லோவாகிய நாட்டு ஜாவாவின் வழிவந்து, 1996 வரை மைசூரில் உருவான மோட்டார் சைக்கிள் அது. உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே அதில் கியர் மாற்றவும் உதவும்.

மைசூரினின்றும் பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்கு அதில் ஏறிச் செல்வது எனக்குப் பேரின்பம். ஆயினும், ஏறுவதினும் இறங்குவதற்கே அறிவு மிகுதியும் வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், பெட்ரோலிற் கலந்த எண்ணெயே உறுப்புகள் தேயாமற் காக்கிறது. கூடலூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை நெடுநேரம் மூடிவைத்தால் பெட்ரோலோடு எண்ணெயும் குன்றும், பிஸ்டன் இறுகிவிடக்கூடும். ஆதலின், இடையிடையே சற்றே திறந்துவிடல் வேண்டும்.

புகை மிகுதி அதன் குறைதான். எனினும், பொறியின் மூச்சைக் கேட்டு, அதன் தேவையறிந்து செல்வோர்க்கே நெடுவழி இனிக்கும் என்பதை அவ்வண்டியே எனக்கு உணர்த்திற்று.