விழி போகும் வழி

முகம் கழுவிக் கண்ணாடி முன் நிற்கும்போது ஒன்று செய்து பாருங்கள். முதலில் உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள். உடனே வலக் கண்ணை. விழி நகர்வது தெரிகிறதா? தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகத் தெரியும்! விழி தாவும் அந்தக் கண நேரத்துக்கு மூளை நம் பார்வையை அடக்கிவிடுகிறது. இப்படி நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவுகிறோம்.

அந்தத் தாவல்களைப் படம்பிடித்தவர்களில் ஒருவர் ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ். விழிமேல் ஒட்டிக்கொள்ளும் சின்ன மூடி, அதில் கடுகளவு கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பிய ஒளி, புகைப்படத் தாளில் கோடுகளாகப் பதிந்தது. பார்த்தவர் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

யார்பஸ் அவர்களுக்குக் காட்டியது ஓவியர் ரேப்பின் வரைந்த ஓவியம். அதில் நாடுகடத்தப்பட்ட ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீடு திரும்புகிறார். "இவர்களுக்கு என்ன வயது?" என்று கேட்டால், பார்ப்பவர் விழி முகம் முகமாகப் போனது. "என்ன உடை?" என்றால் ஆடைகளுக்கு இறங்கியது. "எவ்வளவு காலம் கழித்து வந்திருக்கிறார்?" என்றதும், வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே மாறி மாறி ஓடியது.

ஓவியம் ஒன்றுதான். கேள்விதான் வேறு.