விளக்கணைத்த கப்பல்கள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வயற் காவலுக்குச் செல்லும் கமக்காரருக்கு இது புதிதன்று. நள்ளிரவில் அரிக்கன் லாம்புடன் வரம்பில் வருகிறவனை அவர் ஐயுறுவதில்லை. சூட்டுக்களத்தை நெருங்கியதும் லாம்பை அணைத்துவிடுகிறவனை என்னவென்று கொள்வார்?

கப்பல்களுக்கும் அத்தகைய லாம்பு உண்டு. நாடுவிட்டு நாடு செல்லும் கப்பல்களில் 300 தொன்னும் அதற்கு மேற்பட்டனவும் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலை மூலம் இடையறாது அறிவித்தல் வேண்டும் என்னும் சர்வதேச விதி 2004இல் முற்றாக நடைமுறைக்கு வந்தது. அவ்வொலி திடீரென நின்றால், நடுக்கடலில் இரு கப்பல்கள் மணிக்கணக்காக அணைந்து நின்றால், காவலர் ஐயுறுகின்றனர். கருவி பழுதடைவதும் உண்டு. மௌனம் ஒன்றே குற்றமாகாது. ஆதலால் வேறு கண்களும் வேண்டும். ராடர் செய்மதி இருளிலும் முகிலினூடும் கப்பலின் இரும்புடலைக் காண்கிறது. மற்றொரு செய்மதி இரவில் கணவாய் பிடிப்போர் ஏற்றும் பெருவிளக்குகளைக் காண்கிறது.

இக்கண்கள் சேர்ந்து கண்டதென்ன? வட கொரியக் கடலில் அந்நியர் மீன்பிடி உரிமை பெறுவதை ஐக்கிய நாடுகள் சபை 2017இல் தடுத்தது. அவ்வாண்டில் 900க்கு மேற்பட்ட சீனக் கப்பல்களும், 2018இல் 700க்கு மேற்பட்டனவும் அங்கே கணவாய் அள்ளின என 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இரண்டாண்டில் அள்ளியது 1,64,000 தொன்னுக்கு மேல்! அவற்றுட் பெரும்பாலானவை தம்மை உலகறிய அறிவிக்காதவை. அவற்றோடு போட்டியிட இயலாத வட கொரிய ஏழைகள் சிறு மரப்படகுகளில் தொலைவான ரஷ்யக் கடலுக்குச் சென்றனர். 2014 முதல் 2018 வரை 505 படகுகள் யப்பான் கரையில் ஒதுங்கின. சிலவற்றில் பிணங்களே இருந்தன.

கப்பல் விளக்கணைத்தால் எவன் வீட்டில் இருள் சூழ்கிறது என்பதை இதிலிருந்து காண்க.

நமது பாக்கு நீரிணைக்கு வருவோம். அடிமட்ட இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் அக்கரை இழுவைப்படகுகள் வடபகுதிக் கடற்றொழிலாளரின் வலைகளை அறுத்துள்ளன. சிறிய இப்படகுகளை நான் கூறிய சர்வதேச விதி கட்டாது. பிடிபடுபவன் பெரும்பாலும் கூலிக்கு வந்த தமிழனே. உடைமையாளன் கரையில் இருக்கிறான். கைதுகளை எண்ணிப் பெருமை பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

கொரியக் கடலின் உண்மை வெளியானது எவ்வாறு? ஆய்வாளர் கண்டதை ஊரறிய அச்சிட்டனர்; கடற்படைப் பெட்டகத்தில் பூட்டவில்லை. நாமும் அதனையே கேட்கிறோம். காவல் ராடர் காண்பதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வாரந்தோறும் எழுத்தில் தருக! வலை அறுந்த இரவில் எந்தப் படகு எங்கே நின்றது, அதன் உடைமையாளன் யார் என்பதை நட்டஈடு கேட்பவன் கையிலுள்ள கடதாசியே சொல்லட்டும்.